தோட்டத்துப் பொய்கை

திருத்தணிகை மலையின் அடிவாரத்தில் சரவணப் பொய்கை விளங்குகின்றது. ஆண்டின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக அமைந்தவை எனப் போற்றப்படும் 365 படிகளை ஏறி முருகப் பெருமானை வழிபட வருவோருள் பலர், முதற்கண் இப்பொய்கையில் நீராடுவர். ஆடிக் கிருத்திகையின்போது காவடி சுமந்து வரும் பெருங்கூட்டம் இதன் கரைகளை நிறைக்கும். இரவில் தெப்பம் மிதந்து வரும். இத்துணைக் கூட்டம் கூடும் இடத்தில் நீரைச் சூழ்ந்து நிற்பவை படிகள். காலூன்றி இறங்குதற்கும், கால் வழுக்கியவன் பற்றிக்கொண்டு ஏறுதற்கும் அவையே துணை. நீரைத் தேக்கிய முன்னோர், அந்நீரில் இறங்குவோனையும் உடன் நினைத்தனர் என்பதற்குப் படித்துறையே சான்று.

தமிழில் நீர்நிலைகளுக்குப் பெயர்கள் பல. பொய்கை, குளம், ஏரி, ஊருணி, கேணி, கிணறு, குட்டை என அவை விரியும். அவற்றோடு கரை, மதகு, கலிங்கு, படித்துறை, கைப்பிடிச்சுவர் என்னும் சொற்களும் பிரியாமல் வழங்குகின்றன. முன்னவை நீரைக் குறிப்பவை; பின்னவை நீரைக் காத்தற்கும், நீரிலிருந்து மக்களைக் காத்தற்கும் அமைந்தவற்றைக் குறிப்பவை. உத்தரமேரூர்க் கல்வெட்டிலே ஏரி வாரியம் என ஒரு குழுவே பேசப்படுகின்றது. நீரும் பொறுப்பும் இணைந்தே இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டின் பழைய கொள்கை.

முன்னாளில் கொல்லைதோறும் கிணறு இருந்தது. இடுப்பளவு உயர்ந்த கைப்பிடிச்சுவர் அதைச் சூழ்ந்திருந்தது. 'கிணற்றண்டை போகாதே' என்று பாட்டியர் கூறும் சொல், பிள்ளைகளின் செவியில் நாள்தோறும் விழுந்தது. குழாயும் ஆழ்துளைக் கிணறும் வந்த பின்னர்க் கொல்லைக் கிணறுகள் பல தூர்ந்தன. அவற்றோடு அவ்வெச்சரிக்கையும் தூர்ந்து போயிற்று. இந்நாளிலோ, அழகுக்காகத் தோட்டத்தில் சிறு குளம் அமைக்கும் வழக்கம் பரவி வருகின்றது. அல்லி மலர, வண்ணமீன் துள்ள, அதனருகே அமர்ந்து இளைப்பாறுவது இனியதே. ஆனால், கிணற்றுக்கு உரிய அச்சம் இக்குளத்துக்கு ஒருவர் உள்ளத்திலும் எழுவதில்லை; சிறிதாய் இருத்தலின் தீங்கற்றது என்றே எண்ணி விடுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழை என்பதை ஓர் இல்லத்தார் உணர்ந்த வகையைக் காண்போம்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மலைக்கோயிலின் கோபுரம் தெரியும்படி திருத்தணியில் வீடு கட்டினார். பின்புறத் தோட்டத்தில் 12 அடி நீளமும் 8 அடி அகலமும் 4 அடி ஆழமும் உடைய குளம் ஒன்று வெட்டத் தொடங்கினார். வேலையை ஏற்றவர் முதிய கொத்தனார் ஒருவர். ஊரார் அவரை மேஸ்திரி என்றே அழைப்பர். குழி வெட்டி முடிந்த அன்று மாலை, அவர் வீட்டுக்காரரை அணுகினார்.

"ஐயா, குளத்துக்கு இடம் காட்டினீர்கள், மிகுந்த நீருக்கு வழி காட்டவில்லையே" என்றார்.

"இஃது ஒரு பெரிய தொட்டி, அவ்வளவுதான், மேஸ்திரி. இதற்கு வழி எதற்கு?"

"ஏரிக்குக் கலிங்கு உண்டு, ஐயா. நிறைந்த நீர் எங்கே போவது என்று நாம் சொல்லாவிட்டால், அது தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். குழியைச் சுற்றி இன்றே ஒரு வேலியும் கட்டிவிட்டால் நல்லது."

"குளம் முடியட்டும்; பிறகு பார்ப்போம்" என்று கூறி, அவர் அப்பேச்சை முடித்துவிட்டார். முடிந்தபின் காப்பது என்று தள்ளி வைப்பதே பெரும்பாலான விபத்துகளுக்கு வித்தாகும்.

ஐப்பசி பிறந்தது. வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் இடைவிடாது பெய்தது. வேலை நின்றது. மலைச்சரிவிலிருந்து இறங்கிய நீரும் கூரையிலிருந்து வடிந்த நீரும் சேர்ந்து குழியை நிரப்பின. நிறைந்த நீர், மேஸ்திரி கூறியவாறே தனக்கொரு வழியைத் தேடிற்று. அண்டை வீட்டாரின் சுற்றுச்சுவரை ஒட்டிப் பாய்ந்து, அதன் அடிமண்ணைக் கரைத்தது. மூன்றாம் நாள் விடியலில் அச்சுவரில் ஒரு முழ அகலத்துக்கு வாயில் போலத் திறந்து கொண்டது.

மழை விட்டது. அண்டை வீட்டுச் சிறுவன் மூன்று வயதினன். கையிலே காகிதக் கப்பல். எதிரே சுவரின் பிளவு. பிளவுக்கு அப்பால், வானத்தின் நிறம் தோன்றக் கிடக்கும் நீர். பிள்ளைக்கு வேறு அழைப்பு வேண்டுமோ? அவன் பிளவின் வழியே நுழைந்தான். குழியின் விளிம்பில் குந்தினான். கப்பலை நீரில் விட்டான். அது சிறிது தொலைவு சென்றது. அதை எட்டிப் பிடிக்கக் கை நீட்டினான். நனைந்த மண் அவன் காலடியில் நெகிழ்ந்தது.

கொடியில் துணி உலர்த்த வந்த வீட்டுத் தலைவி, அந்நேரத்தில் தலை நிமிர்ந்தார். ஈரத் துணியைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் பற்றியது சிறுவனின் சட்டைப் பின்புறம். இடுப்பளவு நீரில் நனைந்தவனை வெளியே இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். பிள்ளை அப்போதுதான் அழுதான். அதுவரை அவனிடமிருந்து ஓர் ஒலியும் எழவில்லை. அந்த அமைதியே அவ்வம்மையாரைப் பல நாள் உறங்கவொட்டாமல் செய்தது.

நீரில் மூழ்குவோர் கூவி அழைப்பர் என்பது பலர் கொண்டுள்ள தவறான எண்ணம். மூச்சுக்காகப் போராடுபவர்க்குக் கூவ மூச்சு இராது. இளம் பிள்ளைகளுக்குத் தலை பெரிது. உடல் வலிமை சிறிது. தலைகுப்புற விழுந்தால் தாமே எழ மாட்டார். ஆதலின் சாண் ஆழம்கூட இல்லாத நீரும் அவர்க்குக் கூற்றமாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவருள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஐக்கிய நாடுகள் பேரவை அதே 2021ஆம் ஆண்டில், சூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

அன்று மாலை வீட்டுக்காரர், அடுத்த தெருவில் வாழ்ந்த முதிய வழக்கறிஞரைக் காணச் சென்றார். நடந்ததைச் சொல்லி, "ஐயா, அந்நீர் மழையால் வந்தது, அந்தப் பிள்ளையை நான் அழைக்கவும் இல்லை. தீங்கு நேர்ந்திருந்தால் பொறுப்பு என்னைச் சாருமோ?" என்று வினவினார்.

முதியவர் சிறிது நேரம் சிந்தித்துவிட்டுப் பேசலானார். "தம்பி, இவ்வினா நம் மண்ணிலேயே 150 ஆண்டுகளுக்கு முன் எழுந்த வினா. கார்வேட்டிநகரத்துச் சமீனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் திருத்தணியும் அந்நாளில் அச்சமீனுக்கு உட்பட்டிருந்த ஊரே. அச்சமீனின் பழைய ஏரிகள் பெருமழையால் உடைத்துக்கொண்டன. வெள்ளம் பாய்ந்து சென்னை இருப்புப்பாதைக் கழகத்தின் பாதைக்குச் சேதம் விளைத்தது. கழகத்தார் சமீன்தார்மீது வழக்குத் தொடுத்தனர். அது சென்னை உயர்நீதிமன்றத்தைக் கடந்து, இலண்டன் மாநகரில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1874ஆம் ஆண்டில் அங்கே தீர்ப்பு வழங்கப்பட்டது."

"சமீன்தார் ஈடு செலுத்த நேர்ந்ததா?"

"இல்லை. ஆனால் அதன் காரணத்தைக் கருதுங்கள். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1868இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வேறொரு தீர்ப்பை வழங்கியிருந்தது. இலங்காசயரில் ரைலண்ட்சு என்னும் ஆலைத் தலைவர், தம் ஆலைக்காக நீர்த்தேக்கம் ஒன்று அமைத்தார். நீர், அடியில் இருந்த பழைய சுரங்க வழிகளில் இறங்கி, அண்டையிலிருந்த பிளெச்சர் என்பாரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்சு தாமாகத் தவறேதும் செய்யவில்லை. ஆயினும், தம் பயனுக்காக இயற்கைக்கு மாறாக நீரைக் கொணர்ந்து தேக்கியவர், அது தப்பிச் சென்று பிறர்க்குத் தீங்கு செய்தால் பொறுப்பேற்றே ஆகவேண்டும் என முடிவாயிற்று. இம்முடிவையே சமீன்தார்க்கும் பொருத்த வேண்டும் என்று கழகத்தார் வாதாடினர். பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. இந்நாட்டு ஏரிகள் தொன்மையானவை. மக்கள் திரளின் வாழ்வு அவற்றைச் சார்ந்தது. அவற்றை அழிக்கும் உரிமை சமீன்தார்க்கு இல்லை, பேணிக் காக்கும் கடமையே உண்டு. ஆகவே, அவர் கவனக்குறைவாக இருந்தாரா என்பது மட்டுமே வினா. கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படவில்லை, வழக்குத் தள்ளுபடியாயிற்று."

வீட்டுக்காரர் முகம் சிறிது தெளிந்தது. முதியவர் அதைக் கண்டார்.

"மகிழ்ச்சிக்கு இடமில்லை, தம்பி. ஏரியால் ஊர் வாழ்கிறது. உங்கள் குளத்தால் வாழும் ஊர் எது? அதைக் காத்தே தீரவேண்டும் என்னும் கடமை உங்கள்மேல் யார் சுமத்தினார்? ஏரிக்குக் கிடைத்த விலக்கைத் தோட்டக்குளம் கேட்க இயலாது. அவ்விலக்கே கிடைத்தாலும், கவனக்குறைவு உண்டா என்னும் வினா எஞ்சி நிற்கும். கலிங்கு வேண்டும் என்றும் வேலி வேண்டும் என்றும் மேஸ்திரி சொன்னார், நீங்கள் கேட்கவில்லை. இதைக் கவனமென்று யார் கூறுவார்?"

வீட்டுக்காரர் தலை குனிந்தார். பின்னர், "அழையாமல் வந்த பிள்ளையைக் குறித்துமா சட்டம் என்னைக் கேட்கும்?" என்றார்.

"அதையும் 1909இல் பிரபுக்கள் சபை ஆய்ந்தது. அயர்லாந்தில் ஓர் இருப்புப்பாதைக் கழகம், வண்டிகளைத் திருப்பும் சுழல்மேடை ஒன்றைப் பூட்டாமல் வைத்திருந்தது. வேலியிலிருந்த சந்தின் வழியே பிள்ளைகள் நாள்தோறும் புகுந்து அதில் ஆடினர். ஒரு சிறுவன் அதில் சிக்கிப் பெருங்காயம் உற்றான். பிள்ளைகள் வருவதை அறிந்தும், அவர் உள்ளத்தைக் கவரும் பொருளைக் காவலின்றி விட்ட கழகத்தின்மேல் பொறுப்பு நின்றது. வளர்ந்தவனுக்கு எல்லை என்பது தெரியும். பிள்ளைக்குத் தெரிவது நீர் ஒன்றே. உங்கள் வேலியின் சந்தோ, உங்கள் நீரே திறந்துவிட்டது."

நம் நாட்டுச் சட்டமும் வாளா இருக்கவில்லை என்பதை அவர் மேலும் விளக்கினார். பொதுவழியை ஒட்டியோ பொதுஇடத்தை ஒட்டியோ குளம், கிணறு, பள்ளம் ஆகியவை தீங்கு தரும் நிலையில் இருந்தால், அவற்றுக்கு வேலியிடுமாறு உடையவர்க்கு ஆணையிட நடுவருக்கு அதிகாரம் உண்டு. இவ்விதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கவனக்குறைவால் பிறர்க்கு இறப்பு நேரச் செய்தவர்க்கு, அதே நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடம் தருகின்றது. ஆழ்துளைக் கிணறுகளைக் குறித்து 2010ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தனியே நெறிமுறைகள் வகுத்தது. தோண்டுதற்கு 15 நாள் முன்னரே எழுத்தால் அறிவித்தல், சுற்றிலும் வேலியிடல், வாயை மூடியிடல், கைவிட்ட கிணற்றை அடிமுதல் தரைமட்டம் வரை நிரப்புதல் ஆகியவை அவற்றுள் சில.

"நெறிமுறை இருந்தும் பயன் என்ன?" என்று பெருமூச்செறிந்தார் முதியவர். "2019ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், திருச்சி மாவட்டத்து மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுப் பாலகன் ஒருவன் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். இரவும் பகலும் மீட்புப்பணி நடந்தது. நாடு முழுதும் விளக்கேற்றி வேண்டிற்று. நான்காம் நாள் கழிந்து உயிரற்ற உடலே கிடைத்தது. அக்கிணற்றின் வாயை மூட, ஒரு மூடியும் சிறிது நேரமும் போதுமாயிருந்தன. சட்டம் பெரும்பாலும் தீங்கு நேர்ந்தபின் வருவது, தம்பி. வேலியோ முன்னே வருவது."

வீட்டுக்காரர் இரவெல்லாம் எண்ணிப் பார்த்தார். விடிந்ததும் அண்டை வீட்டாரிடம் சென்று, "சுவர் என் நீரால் இடிந்தது, அதை நானே கட்டித் தருவேன்" என்றார். அவரோ, "அண்ணா, பிள்ளை பிழைத்தான், சுவர் போனால் என்ன?" என்றார். "பிள்ளை பிழைத்தது என் காவலால் அன்று; தற்செயலால். அதனாலேயே சுவரை நான் கட்டவேண்டும்" என்பது வீட்டுக்காரரின் மறுமொழி.

அன்றே மேஸ்திரிக்கு ஆள் சென்றது. முதல் வேலையாகக் குழியில் தேங்கிய நீர் இறைக்கப்பட்டது. குழியைச் சுற்றி வேலி எழுந்தது. நான்கடி உயரம், பிள்ளைகள் காலூன்றி ஏறுதற்கு இடமாகும் குறுக்குக் கம்பிகள் இல்லை, நெடுக்குக் கம்பிகளின் இடையே ஒரு குழந்தையின் தலை நுழையாத அளவே இடைவெளி. வாயிற்கதவு வெளிப்புறமாகத் திறப்பது. விட்டவுடன் தானே மூடிக்கொள்வது. தாழ்ப்பாள் பிள்ளைகளின் கைக்கு எட்டாதது. வேலியின் அருகே நாற்காலி, பூந்தொட்டி முதலியன வைத்தல் கூடாது என்று வீட்டாரிடையே கட்டுப்பாடு ஏற்பட்டது. அவற்றின்மேல் ஏறிப் பிள்ளைகள் வேலியைத் தாண்டக்கூடும் அன்றோ?

நான்கடி ஆழம் ஒன்றரை அடியாகக் குறைக்கப்பட்டது. ஒன்றரை அடியும் குழந்தைக்கு ஆழமே ஆதலின், நீர்மட்டத்தை ஒட்டி வலிய இரும்பு வலை பொருத்தினர். அல்லித் தண்டுகள் அதன் கண்களினூடே எழும். விளிம்பிலே சொரசொரப்பான கல் பதித்தனர். உட்புறத்தில் ஒரு பக்கம் படிகள் அமைத்தனர். நிறைந்த நீர் தெரு வடிகாலுக்குச் செல்ல, அண்டைச் சுவரை விட்டு விலகி, ஒரு சிறு கலிங்கு அமைந்தது. நீரை ஊற்றாய் எழச் செய்யும் மின்பொறிக்கு, மின்கசிவு நேர்ந்த நொடியே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும் நிலத்தொடர்பும் வைத்தனர். நீரும் மின்சாரமும் கூடுமிடத்தில் சிறு பிழையும் உயிரைக் கொள்ளும். வேலிக் கம்பத்தில் ஒரு கயிறும் ஒரு மூங்கிற்கழியும் எப்போதும் தொங்கின. நீந்தத் தெரியாதவன் நீரில் குதித்து உயிர் காக்க முயன்றால் இருவர் மூழ்குவர். கழி நீட்டினால் இருவரும் பிழைப்பர்.

நகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து பார்த்து, மற்றொரு கடமையையும் நினைவூட்டினார். அசையா நீரில் இடப்பட்ட கொசுமுட்டை, ஏறத்தாழ பத்து நாள்களுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். அது வேலியையும் அறியாது, சுவரையும் அறியாது. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே கொசு பெருகாமல் நீர்நிலைகளைக் காப்பதை இருப்போரின் கடமையாக்கிற்று. ஆகவே, கொசுப்புழுக்களை உண்ணும் கப்பி மீன்கள் குளத்தில் விடப்பட்டன. ஊற்று நாள்தோறும் நீரை அசைத்தது.

இத்தனையும் செய்தபின் ஒன்று எஞ்சியது. அதுவே தலையாயது. வேலியும் வலையும் கண்ணுக்குத் துணையே அன்றிக் கண்ணுக்கு மாற்று ஆகா. பிள்ளைகள் தோட்டத்தில் இருக்கும் போதெல்லாம் பெரியவர் ஒருவர் அவர்களைப் பார்த்துக்கொண்டு இருத்தல் வேண்டும் என்பதை அவ்வில்லத்தார் விதியாகக் கொண்டனர். அண்டை வீட்டுச் சிறுவனையும் அவர்கள் விலக்கவில்லை. மாலை நேரங்களில் வீட்டுத் தலைவி அவன் கையைப் பற்றிக்கொண்டு கதவைத் திறப்பார். அவன் காகிதக் கப்பலை விட்டு மகிழ்வான். கப்பல் தொலைவு சென்றால் மூங்கிற்கழி அதைக் கொண்டுவரும்.

திருவாரூரில் அரசு புரிந்த மனுநீதிச் சோழனின் வரலாறு பெரிய புராணத்தில் பேசப்படுகின்றது. அவன் மைந்தன் ஊர்ந்து சென்ற தேரின் சக்கரத்தில் கன்று ஒன்று விழுந்து மாண்டது. அறியாமல் நேர்ந்தது என்றனர் அமைச்சர். கன்றை இழந்த பசுவின் துயரை நோக்கிய மன்னன் அவ்விடையை ஏற்கவில்லை. தேரை உடையவன் தெருவையும் நோக்குதல் வேண்டும் என்பது அவன் கண்ட நீதி.

தேருக்குப் பொருந்திய அந்நீதி, தோட்டத்துக் குளத்துக்கும் பொருந்தும். நிலத்துக்கு எல்லைக்கல் நடலாம். ஆனால், நீர் எல்லைக்கல்லைப் படிப்பதில்லை, பிள்ளையும் படிப்பதில்லை. அவ்விரண்டுக்கும் எல்லையாக நிற்க வேண்டியவர் நிலத்தை உடையவரே. தம் நிலத்தில் நீரைத் தேக்குவோர், கரையையும் கலிங்கையும் வேலியையும் அந்நாளிலேயே உடன் அமைப்பாராக.